நூலக நிகழ்வுக்கு எந்த லிங்க் கொடுப்பது, என்ன டேக் போடுவது?

எங்கள் நூலகத்தில் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் போன செமஸ்டர் முழுக்க ஒரு சுவரொட்டி இருந்தது. 'செவ்வாய்க்கிழமைதோறும் மாலை 4 மணிக்கு ஜோடெரோ பயிற்சி' என்று பெரிய எழுத்து, கீழே மூலையில் க்யூஆர் கோடு. (ஜோடெரோ என்பது ஆய்வுக்கான மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்.) மூன்றாவது வாரம் ஒரு மாணவி உதவி மேசைக்கு வந்து போனை என் முன்னால் நீட்டினாள். சென்னையிலிருந்து முதுகலை படிக்க வந்த பெண். "அக்கா, பதிவு முடிஞ்சு போச்சுன்னு வருது. இனிமே கிளாஸ் கிடையாதா?" கிளாஸ் அன்றைக்கே இருந்தது, இன்னும் இரண்டு மணி நேரத்தில். சுவரொட்டியைத் தயார் செய்தவள் நான்தான். க்யூஆர் கோடுக்குள் நான் வைத்திருந்தது முதல் செவ்வாய்க்கிழமையின் லிங்க். அந்தச் செவ்வாய் முடிந்த கையோடு லிங்கும் பயனற்றுப் போயிருந்தது. அதே தாள் இன்னும் ஏழு இடங்களில் ஒட்டப்பட்டிருந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் நிகழ்வு நாட்காட்டி இப்போது சின்ன வேலை இல்லை. ஜோடெரோ, வரைபட மென்பொருள், பைத்தான், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளை முறைப்படி திரட்டிப் பார்ப்பது) என்று பயிற்சிகள், கண்காட்சித் திறப்பு, எழுத்தாளர் பேச்சு, தேர்வு வாரத்தில் மாணவர்களின் பதற்றத்தைக் குறைக்க நாய்களைக் கூட்டி வருவது என்று நீளும். (நாய் விஷயம் விளையாட்டில்லை. 2011இல் யேல் சட்ட நூலகம் மான்ட்டி என்ற நாயை அரை மணி நேரத்துக்கு இரவல் கொடுத்தது, புத்தகம் கொடுப்பது மாதிரியே.) இவை எல்லாவற்றுக்கும் மின்னஞ்சலில், சுவரொட்டியில், பேராசிரியரின் பாடத்திட்டத்தில் லிங்க் போகிறது. அந்தச் சுவரொட்டி விவகாரத்துக்கு அப்புறம் எங்களில் மூன்று பேரை உட்கார வைத்து, எதற்கு எந்த லிங்க், எந்த நிகழ்வுக்கு என்ன டேக் (வகையைச் சொல்லும் அடையாளச் சொல்) என்று ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்கள். அப்போது ஒப்பிட்டுப் பார்த்தவைதான் இந்தக் கட்டுரை.

எங்கள் நூலக நாட்காட்டி லிப்கேலில் ஓடுகிறது. நூலகங்களுக்கென்றே மென்பொருள் செய்யும் ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்தின் தயாரிப்பு அது. பல்கலைக்கழகத்தின் பொது நாட்காட்டியோ லோக்கலிஸ்ட். இரண்டும் வேறு வேறு மாதிரி யோசிப்பவை. பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

ஒரு பயிற்சிக்கு நான்கு முகவரி

ஒரே பயிற்சிக்கு நான்கு விதமாக லிங்க் கொடுக்கலாம். அந்த ஒரு நாளுக்கான பக்கம், தொடர் முழுவதற்குமான பக்கம், டேக் வைத்து வடிகட்டிய பட்டியல், கடைசியாக ஐசிஎஸ் என்ற காலண்டர் சந்தா. நாட்காட்டியின் முகப்பை ஐந்தாவதாகச் சேர்க்கலாம்தான். ஆனால் முகப்புக்கு லிங்க் கொடுப்பது, வீட்டு விலாசம் கேட்டவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி அனுப்புவது மாதிரி. அதை நாங்கள் பேச்சில் எடுக்கவே இல்லை.

ஒருநாள் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கை தானாகப் போவது அங்கேதான். நிகழ்வைத் திறக்கிறோம், மேலே இருக்கும் முகவரியை நகலெடுக்கிறோம், ஒட்டுகிறோம். அதன் பலம் உண்மையானது. அறை எண், நேரம், எத்தனை இடம் மீதி, பதிவு செய்யும் பொத்தான் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும். லிங்கைத் தொட்டவர் அடுத்த தொடுதலில் பதிவு செய்துவிடலாம். கூகுள் தேடலுக்கும் இதுதான் பிடிக்கும். தேடல் முடிவில் ஒரு நிகழ்வு தேதியோடு, இடத்தோடு தனிப் பெட்டியாக வர வேண்டுமென்றால், ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி முகவரி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பக்கத்தின் உள்ளே தேடுபொறிகள் படிக்கும்படி விவரங்களைக் குறிக்கும் பொது முறையான ஸ்கீமா.ஆர்க் சொல்லும் வகையில் தொடக்க நேரமும் இடமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு நன்மை, நிகழ்வு ரத்தாகும்போது தெரியும். ரத்தானால் பலர் முதலில் செய்வது அந்தப் பக்கத்தையே அழிப்பது. செய்யக்கூடாது. மின்னஞ்சலில் லிங்க் ஏற்கெனவே போயிருக்கும். தொட்டவருக்கு 'பக்கம் இல்லை' என்று 404 வந்தால், ரத்தாகிவிட்டதா, லிங்க்தான் தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தை அப்படியே விட்டு, தலைப்பின் முன்னால் 'ரத்து' என்று சேர்த்தால் போதும். ஸ்கீமாவிலும் ரத்து, ஒத்திவைப்பு, நாள் மாற்றம் என்று தனித்தனி நிலைகள் உண்டு. பக்கத்தை எடுத்துவிட்டால் இது எதையும் சொல்ல வழியில்லை.

பலவீனம் என்னவென்று லிஃப்டுக்குப் பக்கத்தில் பார்த்தோம். ஒருநாள் பக்கத்துக்கு ஆயுசு ஒருநாள்தான்.

சரி, அப்படியானால் தொடர் பக்கம்? இங்கேதான் லிப்கேலும் லோக்கலிஸ்ட்டும் பிரிகின்றன. லிப்கேலில் ஒரு பயிற்சியைப் பத்து வாரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்படி போட்டால், பத்து தனி நிகழ்வுகள் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் பக்கம், தனிப் பதிவுப் பட்டியல். லோக்கலிஸ்ட்டில் அதே பயிற்சி ஒரே நிகழ்வு. அதன் கீழே பத்துத் தேதிகள் தொங்கும், பக்கம் ஒன்றுதான். முகவரியும் எண்ணாக இல்லாமல் தலைப்பிலிருந்து எடுத்த சொற்களாக இருக்கும்.

இரண்டில் எது சரி என்று எங்களுக்குள் ஒரு மதியம் முழுக்க வாக்குவாதம். லோக்கலிஸ்ட் வழி சுவரொட்டிக்கு நல்லது, ஏனென்றால் அச்சடித்த லிங்க் செமஸ்டர் முழுக்க வேலை செய்யும். லிப்கேல் வழி வகுப்பறைக்கு நல்லது. மூன்றாவது வாரம் அறை மாறினால் மூன்றாவது வாரத்தை மட்டும் திருத்தலாம், யார் எந்த வாரத்துக்குப் பதிவு செய்தார் என்பதில் குழப்பம் வராது. காலண்டர்களுக்கான பொதுத் தரமான ஐகேலண்டர் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1998இல் முதலில் வந்து, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்டது அது. அதில் தொடர் ஒரே பொருள், அதற்கு ஒரே அடையாளம். ஒரு வாரம் மட்டும் மாறினால் அந்த வாரத்தைச் சுட்டும் தனிக் குறிப்பு கூடச் சேரும். அதாவது தரம் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. மென்பொருள் செய்பவர்கள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகள் நடத்தும் நூலகத்துக்கு லிப்கேல் வழிதான் தோது என்பது என் கட்சி. பதிவுப் பட்டியல் குழம்பினால் பயிற்சி நடத்துபவர் பாடு திண்டாட்டம். ஆனால் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் நீண்ட நாள் லிங்குக்கு வேறு இடம் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த வேறு இடம்தான் வடிகட்டிய பட்டியல். லிப்கேல் நாட்காட்டியில் ஒரு வகையை (டேக்குக்கு அங்கே அந்தப் பெயர்) தொட்டால் அந்த வகையின் நிகழ்வுகள் மட்டும் நிற்கும். மேலே முகவரியும் மாறும், அதன் வாலில் நாட்காட்டியின் எண்ணும் வகையின் எண்ணும் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த முகவரியை நகலெடுத்துக் கொடுத்தால், திறப்பவருக்கு எந்த வாரமானாலும் வரப்போகும் பயிற்சிகள் வரிசையாகத் தெரியும். போன வாரம் முடிந்தது அதில் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. வாலில் தேதிக்கும் ஒரு இடம் உண்டு. அங்கே 0000-00-00 என்று பூஜ்யமாக இருந்தால் குறிப்பிட்ட தேதி எதுவும் இல்லை என்று பொருள், அதுதான் நமக்கு வேண்டும். நாம் ஏதாவது ஒரு நாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகலெடுத்தால் அந்த நாளும் முகவரிக்குள் உறைந்துவிடும். நான் ஒருமுறை அப்படிச் செய்து, அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. இப்போது நகலெடுத்ததும் வாலைப் படிப்பது பழக்கமாகிவிட்டது.

பட்டியலின் குறை, விடுமுறை. ஜூன் மாதம் திறந்தால் 'நிகழ்வுகள் இல்லை' என்று வெற்றுப் பக்கம் வரும். வந்தவர் நூலகம் இந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். இதற்குத் தீர்வாக, அதிகம் பேர் கேட்கும் பயிற்சிகளுக்கு மட்டும் சொந்தமாக ஒரு பக்கம் செய்தோம். மேலே நாலு வரி விளக்கம், நடுவில் வடிகட்டிய பட்டியல் விட்ஜெட்டாக (நாட்காட்டியிலிருந்து தானாக நிரம்பும் சிறு பெட்டி), கீழே பழைய ஸ்லைடுகளும் யாரைக் கேட்பது என்ற விவரமும். விட்ஜெட் காலியாக இருந்தாலும் பக்கம் காலியாக இருக்காது. நல்ல வழிதான். ஆனால் பக்கம் என்று ஒன்று வைத்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதனால் மூன்று பயிற்சிகளோடு நிறுத்திக்கொண்டோம்.

ஐசிஎஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'காலண்டரில் சேர்' என்ற பொத்தான் தருவது ஒரு நகல். கோப்பு இறங்கி அவர் போனில் உட்கார்ந்துவிடும். அப்புறம் நாம் அறையை மாற்றினாலும் அவருக்குத் தெரியாது. சந்தா என்பது வேறு. அவருடைய காலண்டர் அவ்வப்போது நம் பக்கம் வந்து புதிதாக எடுத்துக்கொண்டு போகும். அதுவும் உடனே நடக்காது. வெளியிலிருந்து சேர்த்த காலண்டரில் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. காலையில் ரத்து செய்த வகுப்புக்கு மதியம் ஒருவர் வந்து நின்றால் அவர் மேல் தப்பில்லை. ஆகவே ரத்துச் செய்தி மின்னஞ்சலில்தான் போக வேண்டும். சந்தாவை ஆய்வு மாணவர்களுக்கும் துறைச் செயலர்களுக்கும் மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். மற்றவர்கள் கேட்பதும் இல்லை.

எல்லாம் பார்த்தபின் எங்கள் விதி ஒரே கேள்விக்குச் சுருங்கிவிட்டது. இந்த லிங்க் எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும்? இரண்டு நாளில் நடக்கப்போகும் நிகழ்வுக்கு இன்றைக்கு மின்னஞ்சல் அனுப்பினால் ஒருநாள் பக்கம். ஒரு வாரத்துக்கு மேல் சுவரில் இருக்கப்போகும் எதற்கும் வடிகட்டிய பட்டியல். பேராசிரியர் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் சொந்தப் பக்கம், அது இல்லாவிட்டால் பட்டியல். ஏனென்றால் அவர் அதே பாடத்திட்டத்தை அடுத்த வருஷமும் தேதியை மட்டும் மாற்றி அனுப்பப்போகிறார்.

டேக் என்பது இனி முகவரி

நாங்கள் எதிர்பார்க்காதது இதற்குப் பிறகு வந்தது. வடிகட்டிய பட்டியலுக்கு லிங்க் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து டேக் என்பது அலங்காரம் இல்லை. சுவரில் அச்சடித்து ஒட்டிய விலாசம் அது. ஒரு டேக்கை எடுத்தாலோ பெயரை மாற்றினாலோ, எங்கோ ஒரு சுவரில், யாரோ ஒருவருடைய பாடத்திட்டத்தில் ஒரு லிங்க் உடையும். டேக் போடுவது யார் என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் விடை வந்தது.

லிப்கேலுக்கு வருவதற்கு முன் எங்கள் நாட்காட்டி வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் இருந்தது. அங்கே நிகழ்வு போடுகிறவர் எந்த டேக்கை வேண்டுமானாலும் புதிதாகத் தட்டலாம். ஆளாளுக்குத் தட்டினார்கள். 'ஒர்க்‌ஷாப்' என்று ஒருவர், 'ஒர்க்‌ஷாப்ஸ்' என்று இன்னொருவர், 'டிரெயினிங்', 'கிளாஸ்', 'ஹேண்ட்ஸ்-ஆன்' என்று மற்றவர்கள். வரைபடப் பயிற்சிக்கு மட்டும் 'ஜிஐஎஸ்', 'மேப்பிங்', 'மேப்ஸ்', 'ஆர்க்ஜிஐஎஸ்' என்று நான்கு. ஒரே ஒருமுறை பயன்பட்டுவிட்டு அனாதையாகக் கிடந்தவை ஏராளம். 'ஜிஐஎஸ்' பட்டியலைத் திறந்தவருக்கு 'மேப்பிங்' என்று போட்ட பயிற்சி தெரியாது. தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. உடைந்த லிங்க் குறைந்தபட்சம் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அரைகுறைப் பட்டியல் சொல்லாது.

ஒரு கோடைக்கால விடுமுறையில் நல்ல எண்ணத்தோடு ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். 'ஒர்க்‌ஷாப்' எல்லாம் 'ஒர்க்‌ஷாப்ஸ்' ஆனது, முகவரியில் வரும் சொல்லும் சேர்ந்து மாறியது. வேர்ட்பிரஸில் ஒரு பதிவின் முகவரிச் சொல்லை மாற்றினால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அதுவே திருப்பி விடும். டேக்கின் சொல்லை மாற்றினால் அப்படிச் செய்யாது. செப்டம்பரில் வந்த புகார்கள் எல்லாம் என் பெட்டிக்கு.

இதில் லிப்கேல் ஒரு படி மேல். வகைகளை நிர்வாகிதான் முன்கூட்டி உருவாக்க முடியும், நிகழ்வு போடுகிறவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார். முகவரியில் போவதும் வகையின் பெயர் இல்லை, எண். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் லிங்க் அசையாது. படிக்க அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சொல் இருக்கும் முகவரி மனிதருக்குப் புரியும், போனில் சொல்லலாம், நம்பிக்கை தரும். ஆனால் 1998இலேயே, வலையை (வேர்ல்ட் வைட் வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எச்சரித்தது இதைத்தான்: முகவரிக்குள் பொருள் வகைப்பாட்டை வைக்காதீர்கள், வகைப்பாடு மாறும்போது முகவரியும் மாறித் தொலைக்கும்.

நூலகக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. நூல்களைப் பொருள்வாரியாகப் பட்டியலிட நூலகங்கள் பயன்படுத்தும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பொருள் தலைப்புகளில் சமையலுக்கு நூறாண்டுப் பழைய வாடையோடு 'குக்கரி' என்றே இருந்தது. அதை 'குக்கிங்' என்று மாற்றியது 2010இல்தான். வீட்டில் யாரும் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே 'குக்கரி' என்று சொல்வதில்லை. ஆனாலும் ஒரு சொல்லின் கீழே ஆயிரக்கணக்கான பதிவுகள் தொங்கும்போது அந்தச் சொல்லை லேசில் தொட முடியாது. எங்களிடம் இருப்பது சில நூறு நிகழ்வுகள்தான், பாடம் மட்டும் அதேதான்.

அதற்காக யாரையும் சொந்த டேக் போட விடாமல் கட்டிப்போடுவதா? எங்கள் மூவரில் ஒருவர் அதை எதிர்த்தார். புதிதாக ஒரு விஷயம் முளைக்கும்போது அதற்கு முதலில் பெயர் வைப்பது பயிற்சி நடத்துபவர்தான், நிர்வாகி இல்லை என்பது அவர் வாதம். நியாயம்தான். 2004இல் தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சானமி' (மக்கள் வகைப்பாடு) என்ற சொல்லை உண்டாக்கிய காலத்தில், மக்களே போடும் டேக்குகள் வகைப்பாட்டு நிபுணர்களை வேலையிழக்கச் செய்துவிடும் என்று பேசினார்கள். ஆயிரம் பேர் ஒரே படத்துக்கு டேக் போடும் இடத்தில் அது ஓரளவு உண்மை, பெரும்பான்மைச் சொல் தானாக மேலே வரும். எங்கள் நிகழ்வுக்கு டேக் போடுவது ஒரே ஆள். பெரும்பான்மை எங்கிருந்து வரும்?

கடைசியில் இரண்டு அடுக்காகப் பிரித்தோம். வாசகர் கண்ணில் படும் வகைகள் பன்னிரண்டு, மாற்ற வேண்டுமானால் மூன்று பேரும் கூடிப் பேச வேண்டும். லிப்கேலில் உள்டேக் என்று ஒரு வசதி உண்டு, வாசகருக்குத் தெரியாது, புள்ளிவிவரம் எடுக்க உதவும். அங்கே யார் எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்த மானியத்தில் நடந்தது, எந்தத் துறை கேட்டு நடத்தியது என்பதெல்லாம் அங்கே போகும். ஒரு உள்டேக் திரும்பத் திரும்ப வந்தால் அதை மேல் அடுக்குக்கு ஏற்றலாமா என்று பார்ப்போம்.

பன்னிரண்டு போதுமா என்று கேட்பார்கள். போதும், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாமல் இருந்தால். எங்கள் பழைய டேக் குவியலைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் அவை பொருளையே குறிக்கவில்லை. 'முதலாண்டு மாணவர்', 'ஆய்வாளர்' என்பது யாருக்கு என்ற கேள்விக்கு விடை. 'ஜூம்', 'தரைத்தளம்' என்பது எங்கே. 'பயிற்சி', 'பேச்சு', 'கண்காட்சி' என்பது என்ன வடிவம். எஞ்சியதுதான் எதைப் பற்றி. சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் செய்தது இந்தப் பிரிப்பைத்தான். ஒரு நூலை ஒரே அறையில் அடைக்காமல், பொருள், செயல், இடம், காலம் என்று முகம் முகமாகப் பிரித்துப் பிறகு சேர்த்தார். இங்கே நூலகவியல் படித்தவர்களிடம் 'ஃபேசட்' என்றாலே அவர் பெயர் வந்துவிடும். ஊரில் அவர் பேர் சொன்னால் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தோடு நின்றுவிடுகிறது, அது வேறு விஷயம்.

லிப்கேல் ஏற்கெனவே வகை, பார்வையாளர், வளாகம் என்று தனித்தனிப் பெட்டிகள் வைத்திருக்கிறது. 'யாருக்கு' என்பதைப் பார்வையாளர் பெட்டிக்கும், 'எங்கே' என்பதை வளாகப் பெட்டிக்கும் தள்ளிவிட்டால் வகைப் பட்டியல் தானாக இளைத்துவிடும். வாசகருக்கும் லாபம். 'ஆய்வாளருக்கான ஜிஐஎஸ் பயிற்சி' என்று தனி டேக் தேடாமல், இரண்டு பெட்டியில் இரண்டைத் தொட்டால் போதும். அந்த இரண்டும் சேர்ந்த முகவரியையே லிங்காகக் கொடுக்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வகைக்கு ஒரு நிறம் கொடுக்கும் வசதி பல நாட்காட்டிகளில் இருக்கிறது, கொடுக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. வலை அணுகல் வழிகாட்டு நெறிகளான டபிள்யூசிஏஜி அதைத் தெளிவாகச் சொல்கிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர் எங்கள் மேசையிலேயே ஒருவர் இருக்கிறார்.

பணம் இல்லாத நூலகம் என்ன செய்யும்?

லிப்கேலும் லோக்கலிஸ்ட்டும் வருடச் சந்தா கேட்பவை. சின்ன கல்லூரி நூலகங்கள் கூகுள் காலண்டரை வைத்துச் சமாளிக்கின்றன. குறை சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்து இறங்க வேண்டும். கூகுள் காலண்டரில் வாசகர் வடிகட்டும்படியான டேக் கிடையாது. ஐகேலண்டர் தரத்தில் வகைகளுக்கென்று ஒரு வரி இருந்தாலும், வெளியிலிருந்து சேர்க்கும் காலண்டரில் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை. அவுட்லுக்கில் வகைகள் உண்டு. கூகுளில் இதற்குச் சுற்றுவழி, வகைக்கு ஒரு காலண்டர் என்று தனித்தனியாக உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் பதிப்பது. ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரியும் சந்தாவும் கிடைக்கும். ஒரு நிகழ்வு இரண்டு வகையில் வந்தால்தான் வம்பு. இரண்டு முறை எழுத வேண்டும், நேரம் மாறினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஒன்றைக் கட்டாயம் மறப்போம். ஆறு வகைக்குள் அடங்கும் நூலகம் என்றால் இதுவே போதும். அதற்கு மேல் போனால் வேர்ட்பிரஸுக்கு மாறி, டேக் உருவாக்கும் உரிமையை ஒரே ஒருவரிடம் வைத்துக்கொள்வது மேல். எங்களைப் போல எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள்.

குறுக்கிய லிங்க், பின்தொடரும் வால்

வடிகட்டிய முகவரி நீளமானது, சுவரொட்டியில் அச்சிட முடியாது. அதனால் குறுக்கித் தரும் சேவைகள் பக்கம் கை போகும். கூகுளின் குறுக்கிக்கு என்ன ஆனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் புதியவை உருவாக்குவதை நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் பழையவையும் வேலை செய்யாது என்று அறிவித்தார்கள், கடைசி நேரத்தில் மனம் மாறிப் பயன்பாட்டில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். இலவசமாகக் கிடைத்த விலாசம் அப்படித்தான். நூலக உலகம் இதை முன்பே யோசித்தது. நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓசிஎல்சி 1995இலேயே நிலைத்த முகவரிக்காகப் பர்ல் என்ற சேவையைத் தொடங்கியது, 2016இல் அது இன்டர்நெட் ஆர்க்கைவ் கைக்கு மாறியது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் சின்னச் சொல் ஒன்றை வாங்கி, அதிலிருந்து வடிகட்டிய பட்டியலுக்குத் திருப்பி விடுகிறோம். க்யூஆர் கோடிலும் அந்தச் சின்னச் சொல்தான். நாளைக்கு லிப்கேலை விட்டு வேறு மென்பொருளுக்குப் போனாலும் திருப்பத்தை மட்டும் மாற்றினால் போதும், சுவரொட்டியைக் கிழிக்க வேண்டாம்.

எந்தச் சுவரொட்டியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்க யூடிஎம் என்ற வால் சேர்ப்பார்கள். அதுவும் ஒருவகை டேக்தான், அதே நோய்தான். அங்கே பெரிய எழுத்தில் தொடங்கும் 'ஈமெயில்' வேறு, சிறிய எழுத்து 'ஈமெயில்' வேறு, அறிக்கையில் இரண்டும் இரண்டு வரி. ஒரே ஆள் சொற்பட்டியல் வைத்துக்கொண்டு போட்டால் பயன்படும், இல்லாவிட்டால் போடாமலே இருக்கலாம். நூலகத் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்கில் இதைச் சேர்க்கவே கூடாது. வாசகர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு கெட்டுவிடும்.

நானாகக் கிளப்பிய ஒரு பிரச்சினையும் உண்டு. தெற்காசியத் தொகுப்பின் சார்பில் தமிழில் ஒரு பேச்சு ஏற்பாடானபோது, முகவரியிலும் 'தமிழ்' என்று தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று ஆசைப்பட்டேன். உலாவியில் அழகாகத்தான் தெரிந்தது. மின்னஞ்சலில் ஒட்டினேன். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் யூனிகோடில் ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. மொத்தம் 45 எழுத்துக்குச் சதவீதக் குறிகள் அணிவகுத்து நின்றன. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு இது வைரஸா என்று கேட்டார். தலைப்பிலும் விளக்கத்திலும் தமிழை வைத்தோம், முகவரியில் எண்ணை வைத்தோம். எண்தான் நல்லது என்று சக ஊழியர்களிடம் ஒரு மாதமாக வாதாடிக்கொண்டிருந்தவள் நான் என்பதால், இதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

பொது நாட்காட்டிக்கு எங்கள் நிகழ்வுகளை அனுப்புவது தனி வேலை. எங்கள் பன்னிரண்டு வகைகளும் அங்கே இருக்கும் வகைகளும் ஒன்றில்லை. எங்கள் 'தரவும் வரைபடமும்' அங்கே எதில் விழ வேண்டும் என்று அந்த அலுவலகத்தோடு உட்கார்ந்து இரண்டு நெடுவரிசை அட்டவணை ஒன்று எழுதினோம். மென்பொருள் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தால் எல்லாம் 'மற்றவை'க்குள் போயிருக்கும். அட்டவணையில் இன்னும் ஒரு வரி காலியாக இருக்கிறது. தேர்வு வார நாய்களை எங்கே வைப்பது? எங்களிடம் அது 'நலம்'. அங்கே 'நலம்' என்றால் தடுப்பூசி முகாமும் மனநல ஆலோசனையும். 'நாய்' என்று தனி வகை கேட்டவர் எங்கள் மூவரில் ஒருவர்தான். வருடத்துக்கு இரண்டு முறை வரும் நிகழ்வுக்குத் தனி வகை கிடையாது, ஒருநாள் பக்கத்தின் லிங்க் போதும் என்று மறுத்துவிட்டோம். போன டிசம்பரில் அந்த ஒருநாள் பக்கம்தான் எங்கள் நாட்காட்டியிலேயே அதிகம் திறக்கப்பட்டது. ஏப்ரலில் அவர் மறுபடியும் கேட்கப்போகிறார்.